அட்டைப் பெட்டியும் விரிதாளும்

உங்களிடம் ஒரு சதுர அட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் 30 சென்டிமீட்டர். நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள சிறு சதுரங்களை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை மடித்து நிறுத்தி ஒட்டினால் மூடியில்லாத ஒரு பெட்டி கிடைக்கும். அந்தப் பெட்டி எவ்வளவு அதிகம் முடியுமோ அவ்வளவு அரிசியைக் கொள்ள வேண்டும். அப்படியானால் மூலையில் எத்தனை சென்டிமீட்டர் வெட்டுவீர்கள்?

மேலே படிக்குமுன் உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பானைத் தொடக் கூடாது!

மிகக் கொஞ்சமாக வெட்டினால் பெட்டி தாம்பாளத்தைப் போலத் தட்டையாகிவிடும். மிக அதிகமாக வெட்டினால் குழாயைப் போல ஒடுங்கி உயர்ந்துவிடும். விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. என் வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வருகின்றன. 15 சென்டிமீட்டர் வெட்டினால் அட்டையே மிஞ்சாது. ஆகவே அதில் பாதியான 7.5 தான் விடை என்பார்கள் சிலர். வேறு சிலர், ‘எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும் கனசதுரம்தான் அதிகம் கொள்ளும், ஆகவே 10’ என்பார்கள். இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன.

மேல்நிலை வகுப்பில் நுண்கணிதம் படித்தவர்கள் நான்கு வரியில் விடையைக் கண்டுவிடுவார்கள். எட்டாம் வகுப்பு மாணவர் என்ன செய்வது? அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பள்ளிக் கணிப்பொறியில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கப் பயன்படுகிறதே, விரிதாள், அதுதான் அந்த வழி.

கரும்பலகையில் பிறந்த யோசனை

1978 ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்று ஒரு மாணவர் படித்துவந்தார். அங்கே கரும்பலகையில் நிரையும் நிரலுமாகக் கட்டம் போட்டுக் கணக்குகளைச் செய்து காட்டுவார்கள். அதில் ஓர் எண்ணை மாற்ற நேர்ந்தால் போதும், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டு எழுதவேண்டும். ஒன்றை மாற்றியவுடன் மற்றவை தாமாகவே மாறிக்கொள்ளும் ஒரு கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று பிரிக்ளின் எண்ணிப் பார்த்தார். தம் நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அதைச் செய்தும் முடித்தார். 1979 இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்த அந்த நிரலுக்கு விசிகால்க் என்று பெயர். பின்னர் 1983 இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985 இல் எக்செல் வந்தது. இப்போது லிப்ரே ஆஃபிஸ் போன்று காசில்லாமலே கிடைப்பவையும் உண்டு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் செய்யப்போவதற்கு எல்லாம் ஒன்றுதான்.

விரிதாளில் நிரல்களுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளும் நிரைகளுக்கு 1, 2, 3 என்று எண்களும் பெயர். ஏ நிரலும் 2 ஆம் நிரையும் சந்திக்கும் கட்டம் ஏ2. ஒரு கட்டத்தில் நீங்கள் ஓர் எண்ணை எழுதலாம். அல்லது ஒரு விதியை எழுதலாம். விதி என்பதற்கு அடையாளமாக முதலில் சமக்குறி போடவேண்டும், அவ்வளவுதான். பெருக்கலுக்கு உடுக்குறி.

ஏ2 கட்டத்தில் 1 என்று எழுதுங்கள். ஏ3 இல் =ஏ2+1 என்று எழுதுங்கள். (இங்கே நான் தமிழில் எழுதினாலும், திரையில் ஆங்கில எழுத்தையே தட்டுங்கள்.) இப்போது ஏ3 கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் 2, 3, 4, 5 என்று எண்கள் வரிசையாக வந்து நிற்கும். ஏ4 கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே =ஏ3+1 என்று இருக்கும்! நீங்கள் ஏ2 என்று எழுதியதை விரிதாள் ‘எனக்கு மேல் வீட்டில் இருப்பவர்’ என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே எந்தக் கட்டத்திற்குப் போனாலும் அது தன் மேல் வீட்டைப் பார்க்கிறது.

இயற்கணிதம் என்றால் நடுங்கும் மாணவர்கள் ஏ2 என்பதைக் கண்டு நடுங்குவதில்லை. இதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு சொன்னால் என்னைச் சந்தேகத்துடன் பார்க்கிறார்கள்.

பெட்டியைக் கணக்கிடுவோம்

ஜி1 கட்டத்தில் அட்டையின் பக்கமான 30 ஐ எழுதிவிடுங்கள். ஏ நிரல் வெட்டும் அளவு. அது முன்பே தயார். வெட்டியபின் பெட்டியின் அடிப்பக்கம் என்ன? இரண்டு முனைகளிலும் வெட்டுவதால் 30 இலிருந்து வெட்டின் இரு மடங்கைக் கழிக்கவேண்டும். ஆகவே பி2 இல் =$ஜி$1-2*ஏ2 என்று எழுதுங்கள். டாலர் குறி எதற்கு? ‘ஜி1 என்ற இந்த முகவரி மட்டும் இடம் மாறக்கூடாது’ என்று ஆணி அடிப்பதற்கு. கொள்ளளவு சி நிரலில்: =ஏ2*பி2*பி2. இரண்டு கட்டங்களையும் பிடித்துக் கீழே இழுங்கள்.

கணிப்பொறி இல்லாதவர்கள் வருந்தவேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இதே நிரல்களைக் கையால் நிரப்பலாம். அரை மணி நேரம் ஆகும். கிடைப்பது இதுதான்:

வெட்டு 1 செ.மீ. — கொள்ளளவு 784 கன செ.மீ.
வெட்டு 2 — 1352
வெட்டு 3 — 1728
வெட்டு 4 — 1936
வெட்டு 5 — 2000
வெட்டு 6 — 1944
வெட்டு 7 — 1792
வெட்டு 8 — 1568

ஏறி, 5 இல் உச்சத்தைத் தொட்டு, இறங்குகிறது. கனசதுரக் கட்சிக்காரர்கள் 10 ஆம் எண்ணுக்கு நேரே பாருங்கள். வெறும் 1000! உச்சத்தில் சரிபாதி. அது எப்படி என்கிறீர்களா? நாம் வெட்டி எறிந்த மூலைகளைக் கணக்கில் சேருங்கள். பத்துக்குப் பத்தாக நான்கு துண்டுகள். அட்டையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது குப்பைக்குப் போய்விட்டது.

உச்சம் சரியாக 5 தானா, அல்லது 5.1 ஆகவோ 4.9 ஆகவோ இருக்கலாமா? ஏ2 இல் 4.5 என்று மாற்றி, ஏ3 இன் விதியில் 1 க்குப் பதில் 0.1 கூட்டும்படி செய்து மறுபடி இழுங்கள். 4.9 க்கு 1999.396; 5.1 க்கு 1999.404. இரண்டுமே 2000 க்குக் கீழ்தான். இன்னும் நுணுக்கமாக 0.01 படியிலும் பார்க்கலாம். பார்த்த பிறகு ஏ நிரலைப் பழையபடி 1, 2, 3 என்றே வைத்துவிடுங்கள்.

இப்போது ஜி1 இல் உள்ள 30 ஐ அழித்துவிட்டு 24 என்று எழுதுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் முழு அட்டவணையும் மாறுகிறது. உச்சம் 4 க்கு நகர்கிறது. 36 எழுதினால் 6. 60 எழுதினால் 10. என்ன புலப்படுகிறது? அட்டையின் பக்கம் எதுவானாலும் அதில் ஆறில் ஒரு பங்கை வெட்டினால் பெட்டி பெரிதாகிறது.

பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் ‘விடை கிடைத்துவிட்டது’ என்று கணிப்பொறியை மூடிவிடுகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். ஏன் ஆறில் ஒரு பங்கு? ஐந்திலோ ஏழிலோ ஒன்றாக ஏன் இல்லை? விரிதாள் இதைச் சொல்லாது. ஆனால் நாம் சரியாகக் கேட்டால் ஒரு துப்புக் கொடுக்கும்.

இன்னும் இரண்டு நிரல்கள்

ஜி1 இல் மறுபடி 30 ஐ எழுதுங்கள். டி நிரலில் பெட்டியின் அடிப்பரப்பைக் கணக்கிடுங்கள்: =பி2*பி2. ஈ நிரலில் நான்கு சுவர்களின் மொத்தப் பரப்பு: =4*ஏ2*பி2.

வெட்டு 3 க்கு அடிப்பரப்பு 576 சதுர செ.மீ., சுவர்கள் 288. வெட்டு 4 க்கு அடி 484, சுவர்கள் 352. வெட்டு 5 க்கு அடி 400, சுவர்களும் 400! வெட்டு 6 க்கு அடி 324, சுவர்கள் 432. ஒன்று இறங்கிக்கொண்டே வருகிறது. மற்றொன்று ஏறிக்கொண்டே போகிறது. கொள்ளளவு உச்சத்தைத் தொடும் அதே நிரையில் இரண்டும் சந்திக்கின்றன. இது தற்செயலாக இருக்க முடியுமா?

வெட்டு 4 செ.மீ. உள்ள பெட்டியைக் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டை ஒரு மயிரிழை, 0.01 செ.மீ. மட்டும், கூட்டுகிறோம். பெட்டியின் உயரம் அந்த அளவு கூடுகிறது. ஆகவே மேலே ஒரு மெல்லிய தகடு போல இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதன் பரப்பு அடிப்பரப்பே. லாபம் 484 இன் 0.01 பங்கு, அதாவது 4.84 கன செ.மீ. ஆனால் நான்கு சுவர்களும் அதே 0.01 செ.மீ. உள்ளே நகர்ந்துவிடுகின்றன. சுவரோரமாக ஒரு மெல்லிய தகடு அளவு இடம் பறிபோகிறது. நட்டம் 352 இன் 0.01 பங்கு, 3.52. லாபம் மிகுதி, ஆகவே இன்னும் வெட்டலாம். அடிப்பரப்பு சுவர்ப் பரப்பைவிடப் பெரிதாக இருக்கும்வரை வெட்ட வெட்ட லாபம்தான். சுவர்கள் பெரிதாகிவிட்டால் வெட்ட வெட்ட நட்டம். இரண்டும் சமமாகும் இடத்தில் நிறுத்தவேண்டும். அங்கேதான் உச்சம்!

(கணக்கில் கண்டிப்பானவர்கள் ஓரங்களில் இருக்கும் மிகச் சிறிய திருத்தத்தைக் கேட்பார்கள். வெட்டைக் கூட்டும் அளவு சிறிதாகச் சிறிதாக அது இல்லாமலே போய்விடும். நுண்கணிதம் என்பது இந்த மயிரிழைக் கணக்கைத்தான் ஒழுங்காகச் செய்கிறது.)

சமம் என்றால் என்ன பொருள்? சுவர்களின் பரப்பு, வெட்டின் நான்கு மடங்கை அடிப்பக்கத்தால் பெருக்குவது. அடிப்பரப்பு, அடிப்பக்கத்தை அடிப்பக்கத்தால் பெருக்குவது. இரண்டும் சமமானால் அடிப்பக்கம் வெட்டின் நான்கு மடங்கு. இரு முனையிலும் வெட்டியது இரண்டு மடங்கு. நான்கும் இரண்டும் ஆறு. ஆறில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதா? எட்டாம் வகுப்பு மாணவர் நுண்கணிதம் இல்லாமலே காரணத்தைத் தொட்டுவிட்டார்.

நாற்பது வரை உண்மை

காரணம் தெரியாமல் அட்டவணையை மட்டும் நம்பினால் என்ன குற்றம் என்று கேட்கிறீர்களா? ஒரு சிறு சோதனை. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். அதிலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். 41 ஐக் கூட்டுங்கள். 1 க்கு 41. 2 க்கு 43. 3 க்கு 47. 4 க்கு 53. 5 க்கு 61. எல்லாம் பகா எண்கள். கணிதமேதை ஆய்லர் 1772 இல் குறிப்பிட்ட வாய்பாடு இது. விரிதாளில் இழுத்துக்கொண்டே போங்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது நிரைகள்! ஒன்றுவிடாமல் எல்லாம் பகா எண்கள். நாற்பது சாட்சிகள் ஒரே குரலில் சொன்ன பிறகு யார்தான் நம்பமாட்டார்கள்? நாற்பத்தொன்றாவது நிரையில் 1681. அது 41 ஐ 41 ஆல் பெருக்கியது. அறுந்தது கயிறு.

தாளே தவறினால்?

அட்டவணை முழுதும் சொல்லாது என்பது ஒரு பக்கம். சொல்லும் எண்ணே பிழையாகவும் இருக்கலாம். இதை நீங்களே செய்து பாருங்கள். நம்பமாட்டீர்கள்.

வெற்றுத் தாளில் ஏ1 கட்டத்தில் =1/3 என்று எழுதுங்கள். ஏ2 இல் =4*ஏ1-1. மூன்றில் ஒன்றை நான்கால் பெருக்கினால் மூன்றில் நான்கு. ஒன்றைக் கழித்தால் மீண்டும் மூன்றில் ஒன்று. ஆகவே எத்தனை நிரை இழுத்தாலும் 0.333333 தான் வரவேண்டும், இல்லையா? ஐம்பதாம் நிரை வரை இழுங்கள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. இருபதாம் நிரையை ஒட்டிக் கடைசி இலக்கங்கள் ஆடத் தொடங்கும். 25 ஆம் நிரையில் 0.328125. 26 இல் 0.3125. 27 இல் 0.25. 28 இல் சுழி! 29 இல் −1, 30 இல் −5, 31 இல் −21. நாற்பதாம் நிரையில் −55,92,405. ஐம்பதாம் நிரைக்கு வரும்போது சுழிக்குக் கீழே 5 லட்சத்து 86 ஆயிரம் கோடிக்கும் அப்பால் போய்விடுகிறது. மூன்றில் ஒன்று எங்கே, இது எங்கே!

கணிப்பொறி பழுதாகிவிடவில்லை. அது எண்களை 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால், இரும எண் முறையில், எழுதிவைக்கிறது. நம் முறையில் மூன்றில் ஒன்று 0.3333 என்று முடிவில்லாமல் போவதுபோல் இரும முறையில் 0.010101 என்று முடிவில்லாமல் போகும். கணிப்பொறியிலோ 53 இரும இலக்கங்களுக்குத்தான் இடம். மீதியை வெட்டிவிடுகிறது. விடுபட்டது மிக மிகச் சிறியது. ஒன்றை 5 இன் பின்னால் 16 சுழிகள் போட்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பதைவிடவும் சற்றுக் குறைவு. ஆனால் ஒவ்வொரு நிரையிலும் அந்தப் பிழையும் நான்கால் பெருகுகிறது. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல் கேட்ட கதையை அறிவீர்கள். இங்கே நான்கு நான்கு மடங்கு! ஏ1 இல் 0.5 எழுதி, ஏ2 இல் =4*ஏ1-1.5 என்று கொடுத்துப் பாருங்கள். ஆயிரம் நிரை இழுத்தாலும் 0.5 அசையாது. ஏனென்றால் அரை என்பது இரும முறையில் மிச்சமில்லாமல் எழுதக்கூடிய எண்.

இது கணிப்பொறியின் இயல்பால் வந்த பிழை. நம்மால் வரும் பிழைகள் இதைவிட அதிகம். என் கதையையே சொல்கிறேன். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் காணும்போது எட்டு அளவுகளை விரிதாளில் ஏற்றி, 2 ஆம் நிரை முதல் 9 ஆம் நிரை வரை சராசரி காண விதி எழுதியிருந்தேன். பிறகு மாணவர்கள் இன்னும் இரண்டு நீளங்களுக்கு அளந்து கீழே சேர்த்தார்கள். நான் சராசரியைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். எல்லாரும் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுதாமல் நின்றாள். “சார், புதுசா ரெண்டு அளவு சேர்த்தோமே, சராசரி ஒரு புள்ளிகூட அசையலையே?” என்றாள். பார்த்தால் விதி 9 ஆம் நிரையோடு நின்றுகொண்டிருந்தது. இரண்டு அளவுகளும் தாளில் இருந்தன, கணக்கில் இல்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

இதே பிழை மிகப் பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓர் அரசின் கடன், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டும்போது வளர்ச்சி மிகவும் குன்றிவிடுகிறது என்றது அது. பல நாடுகளில் அரசுச் செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதிட்டவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். விடை பொருந்தவில்லை. ஆசிரியர்களிடமிருந்தே விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி காணும் விதி 20 நாடுகளில் 15 ஐ மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது! ஆங்கில அகர வரிசையில் முதலில் வரும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் விடுபட்டிருந்தன. 2013 இல் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் இதை வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் அவர்கள் குறை கண்டது இது ஒன்றை மட்டுமல்ல. எந்தத் தரவுகளைச் சேர்த்தார்கள், எப்படி எடையிட்டார்கள் என்பதிலும் தகராறு இருந்தது. விரிதாள் பிழையை மட்டும் மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் பொதுவான முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. அது பொருளியலாரின் வழக்கு. நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: மூன்று ஆண்டுகள் எத்தனையோ பேர் அந்த எண்ணைப் படித்தார்கள், விதி இருந்த கட்டத்தைத் தொட்டுப் பார்த்தவர் ஒரு மாணவர்.

ஆகவே உங்கள் தாளில் ஓர் எண் வந்தவுடன் அந்தக் கட்டத்தைத் தொட்டு உள்ளே இருக்கும் விதியைப் படியுங்கள். ஒரு நிரையையாவது கையால் போட்டுப் பாருங்கள். ஓர் எண்ணை வேண்டுமென்றே பெரிதாக மாற்றி, அசையவேண்டியதெல்லாம் அசைகிறதா என்று பாருங்கள். அந்த மாணவி செய்தது கடைசியாகச் சொன்னதைத்தான்.

இனி பெட்டிக்குத் திரும்புவோம். இதுவரை அட்டை சதுரமாகவே இருந்தது. அது 24 செ.மீ. அகலமும் 45 செ.மீ. நீளமும் உள்ள செவ்வகமாக இருந்தால்? அகலத்தில் ஆறில் ஒரு பங்கா, நீளத்தில் ஆறில் ஒரு பங்கா? அடிப்பக்கம் இப்போது இரண்டு ஆகிவிட்டதால் உங்கள் தாளில் ஒரு நிரல் கூடுதலாக வேண்டும். முதலில் ஊகத்தை எழுதிவிட்டு அட்டவணையைப் போடுங்கள். ‘ஆறில் ஒரு பங்கு’ என்ற விதி பிழைக்கிறதா, சாகிறதா? அது செத்தால் கூடவே ‘அடியும் சுவரும் சமம்’ என்பதும் செத்துவிடுகிறதா? மயிரிழைக் கணக்கில் சதுரம் என்பதை நாம் எங்காவது பயன்படுத்தினோமா என்று ஒருமுறை திரும்பிப் படித்துவிட்டு, அதன் பிறகு டி, ஈ நிரல்களைப் பாருங்கள்.